தம்பிக்காக நான் பேசிய மாதங்கள்

முதல் அறிகுறியை நான் பார்க்கவில்லை. ஏகாம்பரம் பார்த்தான். ஏகாம்பரம் என் தம்பி மனைவியின் தம்பி. என் தம்பி கன்னியப்பனோடு ஒரே தோணியில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தொழில் செய்பவன். பழவேற்காடு ஏரியில், தோணிரேவுக்குச் சற்று அப்பால் இருக்கும் எங்கள் குப்பத்தில், ஐப்பசி மாதத்துக் காலை ஒன்றில் அவன் தோணியிலிருந்து கரைக்குக் கயிற்றை வீசினான். கரையில் நின்ற கன்னியப்பனின் உள்ளங்கையிலேயே கயிறு விழுந்தது. கை மூடவில்லை. கயிறு வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று.

"இன்னா மாமா, காலங்காத்தால வெளையாட்டா?" என்று கேட்டுக்கொண்டே அவன் மறுபடியும் வீசினான். மறுபடியும் கை மூடவில்லை. என் தம்பி சிரித்தானாம். முகத்தில் ஒரு பாதி மட்டும் சிரித்தது என்று ஏகாம்பரம் பிறகு சொன்னான். அன்றைய அந்தப் பாதிச் சிரிப்பை நான் நேரில் பார்க்கவில்லை. கனவில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளிகளும் படிக்கலாம். ஆனால் இதில் தவறு செய்தவன் நான் என்பதால், என் இடத்தில் இருப்பவர்களோடுதான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

எனக்கு எழுபத்தொரு வயது. மீஞ்சூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியராகச் சேர்ந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். படிப்பதற்காகப் பதினாறு வயதில் குப்பத்தை விட்டுக் கிளம்பியவன், அதன் பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே அங்கே போனேன். கன்னியப்பன் என்னைவிட எட்டு வயது இளையவன். ஏரியை விட்டு எங்கும் போகாதவன். நான் கரும்பலகையில் நீல சாக்பீஸால் ஏரிகளை வரைந்துகொண்டிருந்த அத்தனை வருடங்களும் அவன் அந்த ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் தாழ்வாரத்தில் எங்களுக்கு விஷயம் சொல்லப்பட்டது. மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் இரத்தக் குழாயை இரத்தக் கட்டி அடைத்ததால் வந்த பக்கவாதம். வலது கையும் வலது காலும் செயலிழந்திருந்தன. கூடவே அஃபேசியா (மூளையில் சொற்களைக் கையாளும் பகுதி அடிபட்டுப் பேச்சு தடைபடுவது). நாம் சொல்வது அவனுக்குப் புரியும், அவனுக்கும் சொல்ல நினைப்பது இருக்கும், சொல் மட்டும் வாய்க்கு வராது என்று டாக்டர் அம்மா விளக்கினார்.

"உள்ளே ஆள் அப்படியேதான் இருக்கிறார். அதை மறக்காமல் இருங்கள்" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு ஐந்து மாதம் அதை மறந்திருந்தேன்.

கயிறு விழுந்ததிலிருந்து மருத்துவமனை வாசலுக்கு வருவதற்குள் பாதி நாள் போய்விட்டிருந்தது. காற்றுப் பிடித்திருக்கும் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எல்லா இடத்திலும் காத்திருங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். இந்த ஓர் இடத்தில் மட்டும் ஓடுங்கள்.

மூன்று வாரம் கழித்து அனுப்பியபோது, எங்கே அழைத்துப்போவது என்ற கேள்வி வந்தது. தம்பியின் மனைவி பூங்காவனம் குப்பத்துக்கே போகலாம் என்றாள். நான் மீஞ்சூர் என்றேன். என் வீட்டில் உட்காரும் கழிப்பறை இருந்தது. அடுத்த தெருவில் ஃபிசியோதெரபி (தசைகளுக்குப் பயிற்சி தந்து இயக்கத்தை மீட்கும் சிகிச்சை) செய்யும் பெண் இருந்தார். வெள்ளை அடித்த அறை, சுவரில் பிடிமானக் கம்பி, ஜன்னலுக்குக் கொசுவலை. நோயாளிக்கு என் வீட்டைவிட நல்ல இடம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கன்னியப்பனை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவிடவில்லை.

அந்த மாதங்கள் இப்போது ஒரே நீண்ட பிற்பகலாக நினைவிருக்கின்றன. மின்விசிறி சுற்றும். மின்சார ரயில் வந்து நின்று, மூச்சு விட்டு, போகும். ஜன்னல் வெளிச்சம் சுவரில் சதுரமாக விழுந்து, மெல்லச் சாய்ந்து, கட்டிலின் கால் வழியாக இறங்கித் தரையில் கரையும். கன்னியப்பன் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பான். நான் பக்கத்தில் நாற்காலியில் தூங்கிப்போவேன். விழிக்கும்போது நான் எந்த வீட்டில், எந்த வயதில் இருக்கிறேன் என்று சில நொடிகளுக்குத் தெரியாது. எங்கள் நைனா (அப்பா) மீன் கூடையோடு உள்ளே வரப்போகிறார் என்றுகூட ஒருநாள் தோன்றியது.

பூங்காவனம் ஒரு மாதம் உடன் இருந்தாள். மீன் விற்கப் போகாமல் அதற்குமேல் அவளால் முடியாது. கிளம்பும் அன்று வாசலில் நின்று சொன்னாள்:

"மாமா, வாரத்துக்கு ஒரு வாட்டி நான் வரேன். ஒன்னு சொல்றன், கோச்சிக்காதீங்க. ஒங்க ஊட்ல இவுரு மூஞ்சி மேல ஒரு ஈ வந்து குந்தினாக்கூட, இவுரு கையத் தூக்கறதுக்குள்ள நீங்க தொரத்திடறீங்க. இவுரு எப்பத்தான் தொரத்தறது?"

அவளுக்குப் படிப்பில்லை, சிகிச்சை முறை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவனுக்காக நான்தான் பேசினேன். பக்கத்து வீட்டுக்காரர் "எப்படி இருக்கீங்க?" என்று அவனைக் கேட்டால், "பரவாயில்லை, கால் கொஞ்சம் அசைகிறது" என்று நான் பதில் சொல்வேன். அவன் உதடு ஒரு சொல்லுக்காகக் குவிய ஆரம்பித்ததும் அந்தச் சொல்லை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். தண்ணியா? போர்வையா? வலிக்கிறதா? பெரும்பாலும் அவன் தலையாட்டினான். நான் சரியாகக் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட்டேன். அவன் அலுத்துப்போய்த்தான் தலையாட்டினான் என்பது பிறகு தெரிந்தது. தினமும் காலையில் நானே காபி போட்டுக் கொடுத்தேன். அவனுக்குக் காபி பிடிக்காது என்பது எனக்கு ஐந்தாவது மாதத்தில்தான் தெரியவந்தது.

படம் போட்ட அட்டைகளை வாங்கி வந்து பயிற்சி கொடுத்தேன். ஆப்பிள். குடை. பேருந்து. "சொல்லு, கு... கு..." வகுப்பறையில் எடுத்த அதே குரல். அவன் குடையைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான், பிறகு சுவரில் இருக்கும் வெளிச்சத்தைப் பார்ப்பான்.

இனி சொல்வது எழுதக் கூச்சமாக இருப்பது. ஆனால் இதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி வந்த பிறகுதான் அந்த வீட்டில் காலையில் எழுவதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. மாத்திரை நேரம், குளியல் நேரம், பயிற்சி நேரம். பள்ளிக்கூட மணி மறுபடியும் அடிக்க ஆரம்பித்த மாதிரி. அவனுக்குக் குணமாக வேண்டும் என்று விரும்பினேன், சத்தியமாக. ஆனால் குணமானால் அவன் ஏரிக்குப் போய்விடுவான் என்ற பயமும் அடியில் இருந்தது. அவனுடைய நோயில் என் தனிமைக்கு நான் மருந்து தேடிக்கொண்டேன்.

அந்தப் பயத்தில்தான் கடிதம் எழுதினேன்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கே வலை கட்ட முடியாது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடி, பெயர்களைக் கூப்பிட்டு, சீட்டுப் போட்டு, எந்த இடம் எந்த நாள் யாருக்கு என்று பிரித்துக்கொள்ளும். பாட்டில் பெயர் இருப்பவன்தான் குப்பத்தில் முழு ஆள். பெயர் போய்விட்டால், இடத்துக்காகக் காத்திருக்கும் அடுத்தவனுக்கு அது போகும். திரும்பக் கிடைக்கப் பல வருடம் ஆகும்.

"உடல்நிலை காரணமாக என் பெயரைப் பாட்டிலிருந்து நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று தம்பி எழுதுவதுபோல ஊர்த் தலைவருக்கு எழுதினேன். "ஆஸ்பத்திரி பேப்பர்" என்று அவனிடம் சொன்னேன். அவனுடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தில் வைத்தேன். அவன் தடுக்கவில்லை. என்னை நம்பி, விரலை மிகவும் மெதுவாக, கறை படாமல் எடுத்துக்கொண்டான்.

தண்ணீர் ஆசையே அற்றுப்போனால் பயிற்சியில் மனம் வைப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காகிதத்தோடு வாழ்ந்தவனுக்கு எதையும் காகிதத்தில் முடித்துவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அதன் பிறகு சில வாரங்களில் அவன் சாப்பாட்டைக் குறைத்தான். ஃபிசியோ பெண் வந்தால் கண்ணை மூடிக்கொண்டான். கன்னம் ஒட்டிப்போயிற்று. கடிதத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாது. ஆகவே அது காரணமல்ல. அந்த அறைதான் காரணம். நான்தான்.

மறு பரிசோதனைக்குச் சென்னைக்கு அழைத்துப்போனபோது, டாக்டர் அம்மா அவனைப் பார்த்து, "என்ன கஷ்டம் உங்களுக்கு?" என்று கேட்டார். "சரியாகச் சாப்பிடுவதில்லை, டாக்டர்" என்றேன் நான். "தூக்கம்?" "தூங்குகிறான்." "வலி?" "தோளில் கொஞ்சம்."

அவர் பேனாவை மூடினார். "சார், நீங்கள் கொஞ்சம் வெளியே உட்காருங்கள்."

தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். தள்ளுவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே எத்தனையோ பெற்றோர்களை நான் இப்படி உட்கார வைத்திருக்கிறேன் என்ற நினைவு வந்தது. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

"மூன்று விஷயம் சொன்னார்" என்றார் டாக்டர்.

"பேசினானா? என்ன சொன்னான்?"

"பாதி கையால், பாதி கண்ணால். என்னவென்று அவரைக் கேளுங்கள். நான் சொன்னால் நானும் உங்களைப் போலத்தான் ஆவேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இது பக்கவாதத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு. மாத்திரை தருகிறேன், பயிற்சியும் நிற்கக்கூடாது. ஆனால் மருந்துக்கடையில் கிடைக்காத ஒன்றும் தேவைப்படுகிறது. யாரோடு வாயாடாவிட்டால் இவருக்குப் பொழுது போகாதோ, அவர்கள் நடுவில் இவரைக் கொண்டுபோய் விடுங்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அந்த மூன்றில் காபி வேண்டாம் என்ற ஒன்று மட்டும் அன்றே எனக்குப் புரிந்தது; மற்றவற்றைக் கேட்டுக் காத்திருக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. பங்குனி மாதத்தில் அவனைக் குப்பத்துக்குக் கொண்டுபோனேன். ஃபிசியோ பெண் ஒருநாள் கூடவே வந்து, பயிற்சிகளைப் பூங்காவனத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

இரண்டாம் நாள் ஊர்த் தலைவர் நாகப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். விடுதியில் தங்கி என் பள்ளியில் படித்தவன். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தான்.

"கைநாட்டு அவுருது. எழுத்து உங்குளுது சார். ஒம்பதாவதுல ரெண்டு வருசம் போர்டுல பாத்த எழுத்து, எனக்குத் தெரியாதா?"

"கிழித்துப் போட்டுவிடு" என்றேன்.

"ஊருக்கு வந்த பேப்பரு சார். நான் கிழிக்கற பேப்பரு இல்ல. வந்தத வரலன்னு சொல்ல எனக்கு வாய் கெடையாது." அவன் அதை மறுபடி மடித்தான். "இது வராம இருந்தா, ஒடம்பு சொகமில்லன்னு இந்த வருசம் ஏகாம்பரமே அவுரு பேருல போயிருப்பான், ஒருத்தனும் கேட்ருக்க மாட்டான். இப்ப கூட்டத்துல கேக்கணும். அவுரே, அவுரு வாயால, பாட்டுல கீறேன்னு சொல்லணும். இல்லன்னா பேரு போயிடும். பூங்காவனம் சொல்லக்கூடாது. ஏகாம்பரம் சொல்லக்கூடாது." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க முக்கியமா சொல்லக்கூடாது சார்."

"கூட்டம் எப்போது?"

"மூணு மாசம் கீது."

மீஞ்சூர் போகவில்லை. பூங்காவனத்திடம் மட்டும் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள். கூடையில் இருந்த அத்தனை மீனையும் கழுவி முடித்த பிறகு பேசினாள்.

"என் தம்பிக்கு நான் சொல்லிடறேன். இவுரு கிட்ட நான் சொல்ல மாட்டேன் மாமா. அது நீங்க சொல்ல வேண்டியது."

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். தினமும் அப்படியே நினைத்தேன்.

கரையோரம் கீற்றுக் கொட்டகை ஒன்றில் வலை சரிசெய்யும் வேலை நடக்கும். ஏகாம்பரம் முதல் நாளே கன்னியப்பனை அங்கே தூக்கிவந்து உட்கார வைத்தான். கிழிந்த வலையை இழுத்துப் பிடிக்க ஒரு முளை வேண்டும். கன்னியப்பனின் வலது கையைத் தரையில் வைத்து, வலையின் கண்ணியை அதன் விரலில் மாட்டினான்.

"புண்ணாகிவிடும்!" என்று கத்தினேன்.

"சும்மாத்தான கீது வாத்தியாரே, ஆணியா இருக்கட்டும். சோறு துன்னுதுல்ல?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திடுக்கிட்டுத் தம்பியைப் பார்த்தேன். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான், பாதி முகத்தில். ஏகாம்பரம் கண்ணியை மாட்டும்போது விரலுக்கும் நூலுக்கும் நடுவே துணி சுற்றியிருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன்.

அந்தக் கொட்டகையில் நாள் கணக்காக உட்கார்ந்து நான் கவனித்தது ஒன்றே ஒன்று. அவர்கள் அவனைக் கேள்வி கேட்டுவிட்டு அவன் வாயைப் பார்ப்பதில்லை. வலையைப் பார்த்தார்கள். "மாமா, இந்த வலை நூலு போன வருசத்துதா?" என்று கேட்டுவிட்டு ஏகாம்பரம் நாலு முடிச்சுப் போடுவான். வேறு யாரோ வேறு ஏதோ பேசுவார்கள். பீடி பற்றவைப்பார்கள். கன்னியப்பனின் உள்ளே அந்தச் சொல் எங்கிருந்தோ கிளம்பி, வழி தவறி, மறுபடி கிளம்பிக்கொண்டிருக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. வந்தால் வாங்கிக்கொண்டார்கள். வராவிட்டால், அதுவும் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே எப்போதும் இருக்கும் மௌனம்தான். என் வீட்டில் அவனுடைய மௌனம் ஒரு குறையாக இருந்தது. இங்கே எல்லோரிடமும் அது கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.

ஏரியின் வெளிச்சம் அப்படிப்பட்டது. பங்குனி சித்திரையில் தண்ணீர் வற்றி, எங்கே தண்ணீர் முடிகிறது எங்கே வானம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. தொலைவில் பூநாரைகள் ஒரு வெளிறிய கோடாக நிற்கும். கண்ணிமைத்துப் பார்த்தால் அந்தக் கோடு வேறு இடத்தில் இருக்கும். அந்த மாதிரி இடத்தில் ஒரு சொல் வர ஐந்து நிமிடம் ஆனால் அது பெரிய தாமதமாகத் தெரிவதில்லை.

தினமும் ஏகாம்பரம் ஒரு பொய் சொல்வான். பல வருடம் முன்பு கன்னியப்பன் ஆளுயரக் கொடுவா மீன் ஒன்றை ஒற்றையாக இழுத்துப்போட்டது குப்பம் முழுக்கத் தெரியும். "அன்னிக்கி அந்தக் கொடுவாவ இழுத்தது நானு. மாமா அப்ப பீடி பத்த வச்சிக்கினு இருந்தாரு" என்பான். கன்னியப்பன் இடது கையை ஆட்டி மறுப்பான். மறுநாளும் அதே பொய். அதற்கடுத்த நாள் மீன் இன்னும் பெரிதாகும்.

வைகாசியில் ஒருநாள் ஏகாம்பரம் அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் கன்னியப்பனிடமிருந்து வந்தது:

"பே... மானி."

கொட்டகையில் எல்லாக் கையும் நின்றது. கூடையோடு வந்துகொண்டிருந்த பூங்காவனம் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏழு மாசம் கழிச்சி வாயத் தெறந்தா, மொத பேச்சே என் தம்பிய ஏசறதுக்கா?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"நீ சும்மா இரு அக்கா. மாமா, இன்னொரு வாட்டி."

"பேமானி!"

"சரி, வுடு. கொடுவா உன்னுதுதான்."

நான் டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஏசுவது, எண்ணுவது, பாடுவது எல்லாம் பல நோயாளிகளுக்கு மற்றப் பேச்சுக்கு முன்பே வந்துவிடும் என்றார். அதை வைத்துப் பேச்சு முழுதும் திரும்பிவிட்டது என்று நம்பிவிட வேண்டாம், ஆனால் இது நல்லதுதான் என்றார். "யார் வரவழைத்தது?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

அதன் பிறகு சில சொற்கள் வந்தன. டீ. போ. பூங்கா. எண்கள் ஏழு வரை. சில நாள் வந்த சொல் மறுநாள் வராது. நடப்பதற்கு ஒரு தடி போதுமானதாயிற்று. வலது கை கையாகத் திரும்பவில்லை. கூட்டத்தில் சொல்ல வேண்டிய "கீறேன்" (இருக்கிறேன்) என்ற சொல்லை ஏகாம்பரம் அவனுக்குத் தினமும் சொல்லிக் காட்டினான். பத்துத் தடவையில் இரண்டு தடவை வந்தது.

கூட்டம் அம்மன் கோயில் முன் மணலில், பிற்பகலில் நடந்தது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் வேலி ஓரம் நின்றார்கள். பாட்டில் எனக்குப் பெயர் கிடையாது. ஆகவே நான் ஓரமாக இருந்தேன். நாகப்பன் பெயர்களைக் கூப்பிட, ஒவ்வொருவராகக் "கீறேன்" என்றார்கள். கன்னியப்பன் பெயர் வந்ததும் நாகப்பன் கடிதத்தை எடுத்தான்.

"கன்னியப்பன் பாட்டுலேர்ந்து வெலகறதா ஒரு லெட்டர் வந்துகீது."

என் தம்பி நாகப்பனைப் பார்த்தான். காகிதத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. மூன்று மாதமாகச் சொல்லாமல் விட்டதை அந்த விரல் ஒரு நொடியில் அவனுக்குச் சொல்லிவிட்டது.

நான் எழுந்தேன். "அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். ஆஸ்பத்திரி காகிதம் என்று பொய் சொல்லிக் கைநாட்டு வாங்கினேன். அவனுக்குத் தெரியாது. அவன் என்னோடேயே இருக்க வேண்டும் என்று செய்தேன்."

யாரும் கத்தவில்லை. "படிச்ச மனுசன்" என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அவ்வளவுதான்.

"சரி, குந்துங்க சார்" என்றான் நாகப்பன். "கன்னியப்பா, லெட்டர் கெடக்கட்டும். நீ இன்னா சொல்ற? பாட்டுல கீறியா?"

கன்னியப்பன் தடியை ஊன்றி எழுந்தான். அவன் நாகப்பனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. காற்று மட்டும் வந்தது. மறுபடியும் அசைந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியும். என் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு நின்றது. வாழ்நாளெல்லாம் வகுப்பில் திக்கி நின்ற பிள்ளைகளுக்கு நான் எடுத்துக்கொடுத்த அத்தனை விடைகளும் அந்த நாக்கின் நுனியில் வந்து நின்ற மாதிரி இருந்தது. பூங்காவனம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் மணலைப் பார்த்தான். எல்லோரும் மணலைத்தான் பார்த்தார்கள், வலையைப் பார்ப்பதுபோல.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நிழல் நகர்ந்ததைப் பார்த்ததாக நினைவு. அது உண்மையா, அந்த மீஞ்சூர்ச் சுவரின் நினைவா என்று சொல்ல முடியவில்லை.

"கீ... கீறேன்."

"அடுத்து, ஏகாம்பரம்" என்றான் நாகப்பன்.

"கீறேன்."

கூட்டம் தொடர்ந்தது.

அதற்குப் பிறகு பதினொரு நாள் கன்னியப்பன் என் பக்கம் திரும்பவில்லை. பேச்சு குறைந்தவனின் மௌனத்தில் நோய் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? அதை அவனிடம் கேட்க எனக்கு உரிமையில்லை என்பது மட்டும் தெரிந்தது. அந்த நாட்களில் தண்ணீர் எடுத்து வைத்தேன், மாத்திரை எடுத்து வைத்தேன், வாய் திறக்கவில்லை. வாய் திறக்காத உடம்பு எனக்குப் புதிதாக இருந்தது. மூச்சு எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்றெல்லாம் அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது.

பன்னிரண்டாம் நாள் பையைக் கட்டினேன். "போறதுன்னா அவுரு கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றாள் பூங்காவனம்.

அன்று அவர்களுடைய பாட்டின் முதல் நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தோணியில் வலை கட்ட நடும் கழிகளையும் வலையையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் ஏற்கெனவே ஏறி முன்னால் உட்கார்ந்திருந்தான். முழங்கால் தண்ணீரில் நின்று, "நான் மீஞ்சூருக்குக் கிளம்புறேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் காத்திருந்தேன். ஏகாம்பரம் தோணிக்குள் இல்லாத தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். சிறு மீன்கள் என் கணுக்காலைத் தொட்டுத் தொட்டுப் போயின.

"ஏ... று."

பையோடு ஏறினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். தோணி கொஞ்சதூரம் போன பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கன்னியப்பா, நான் செய்தது..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாத."

தடங்கல் இல்லாமல், பளிச்சென்று வந்த சொல். ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

இதைப் படிப்பவர்களுக்கு என்னால் பெரிய ஆலோசனை எதுவும் சொல்ல முடியாது. உங்கள் நோயாளிக்கு ஏரி தேவைப்படாது. ஆனால் அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை பக்கத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய நாலு பேர் எங்கேயாவது இருப்பார்கள். அந்த நாலு பேரில் நீங்கள் இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அதை ஏற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆயிற்று.

அன்று தோணியில் நான் அவனுடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். கழியை ஊன்றித் தள்ளும் ஒவ்வொரு முறையும் தோணி லேசாகச் சாய, அவனால் தாங்க முடியாத அந்தப் பக்கம் என் தோளில் வந்து சாய்ந்தது, பிறகு விலகியது. முதலில் அந்தப் பாரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு எண்ணவில்லை. சாய்வது அவனா நானா என்று தெரியாத ஓர் இடம் வந்தது. கரை தெரியவில்லை. வெயிலில் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. நாங்கள் கிளம்பி எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன். அதற்கு விடை ஒன்றும் தேவைப்படவில்லை.

ஏகாம்பரம் தள்ளுவதை நிறுத்தினான். முதல் கழியைக் கையில் எடுத்தான்.

"எங்க நடறது மாமா?"

கன்னியப்பன் தண்ணீரைப் பார்த்தான். நீரோட்டம் எந்தப் பக்கம், அடிச்சேறு எங்கே இறுகலாக இருக்கிறது என்பதெல்லாம் எங்கள் மூவரில் அவனுக்குத்தான் தெரியும். அவன் உதடு அசைய ஆரம்பித்தது. ஏகாம்பரம் கழியைப் பிடித்தபடி வலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் வலையைப் பார்த்தேன். தோணி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.